கார்டுக்குத் தமிழ் முடங்கல்

டிசம்பர் பிறந்தால் இந்தச் சொல்விளக்கமும் கூடவே பிறந்துவிடுகிறது. ‘கடிது செல்வதால் கடிதம், அது வெள்ளைக்காரன் வாயில் தேய்ந்து கார்டு.’ சென்ற வாரம் என் பேத்தி கூடத்தில் சார்ட் தாளும் ஜிகினாவும் மைதாப் பசையுமாகக் கிறிஸ்துமஸ் கார்டு செய்துகொண்டிருந்தாள். பார்க்க வந்த நண்பர் அவளிடமே இதைச் சொல்லி வைத்தார். குழந்தையும் நோட்டில் எழுதிக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடிது செல்வதெல்லாம் கடிதமென்றால் அம்பும் கடிதம், புயலும் கடிதம். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் வந்து சேரும் பத்திரிகைதான் கடிதம் ஆகாது. கன்னடத்தில் ‘கடத’ என்று ஒன்று உண்டு. துணியில் புளியங்கொட்டைப் பசையையும் கரியையும் குழைத்துப் பூசி, காயவைத்து, விசிறிபோல் மடித்து வைத்துக்கொண்டு மாக்கல் குச்சியால் எழுதுவார்கள். அந்தக் குச்சிக்குக் கன்னடத்தில் ‘பலப’. நாம் சிலேட்டில் எழுதித் தின்றும் தீர்த்த பலப்பம் அதுவே. அங்கே இன்று அலுவலகக் கோப்புக்குக் ‘கடத’ என்று பெயர். அந்த மடிப்புச் சீலைதான் நம்மிடம் கடிதம் ஆயிற்று என்பது என் துணிபு. வேகத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

கார்டின் குலம் வேறு. கிரேக்கத்தில் பாப்பிரசுத் தாளுக்குக் ‘கார்த்தேஸ்’ என்று பெயர். அது லத்தீனில் ‘கார்த்தா’, பிரெஞ்சில் ‘கார்த்’, ஆங்கிலத்தில் ‘கார்டு’. ஆங்கிலேயனிடம் அது முதலில் சீட்டாட்டச் சீட்டாகத்தான் வந்து சேர்ந்தது, வாழ்த்தெல்லாம் பிற்பாடு. இதே கார்த்தேஸ் கிழக்கே திரும்பி அரபியில் ‘கிர்த்தாஸ்’ ஆயிற்று. குர்ஆனிலேயே அச்சொல் இருக்கிறது. அரபியிலிருந்து போர்த்துக்கீசியன் எடுத்துக்கொண்டு ‘கர்த்தாஸ்’ என்றான். 16ஆம் நூற்றாண்டில் நம் கடலில் ஓடிய கப்பல்களுக்கு அவன் எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டின் பெயர் அது. அது கையில் இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்வான். கரையில் நின்று பார்த்த நாம் அந்தச் சீட்டின் பெயரையே தாளுக்கு வைத்துக் கடுதாசி என்றோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் கடதாசி என்கிறார்கள், சிங்களவருக்கும் அதுவே. மலையாளத்தில் தாளுக்குள்ள ‘கடலாஸ்’ நேரே அரபியிலிருந்து வந்ததாகச் சொல்வோர் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும், பாட்டி ஒருத்திதான்.

ஆக, கடுதாசியும் கார்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கோவா வழியாக வந்தது, மற்றொன்று லண்டன் வழியாக. பேத்தி கடுதாசியில் கார்டு செய்தபோது, பாவம், அக்காளை வெட்டித் தங்கையை ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்த உறவை விட்டுவிட்டு, கத்தரியால் வெட்டுவதால் கார்டு என்று ஒரு புத்தகம் வாதாடுகிறது. கத்தரி வடமொழிக் ‘கர்த்தரீ’. அதற்கு மேல் அந்தப் புத்தகத்துக்கு மறுப்பு வேண்டாம்.

எனக்கும் ஒரு சபலம் தட்டியது உண்டு. பாப்பிரசு என்பது கோரை இனம். அதன் தண்டை நாராகக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தட்டினால் தாள். தமிழில் தாள் என்றாலும் முதற்பொருள் தண்டுதானே, நெல்லந்தாள், தாமரைத் தாள் என்று? ஒரு மாதம் இதை நெஞ்சில் வைத்துக் குலாவினேன். பிறகு விட்டேன். எகிப்துக் கோரையை நம் முன்னோர் எழுதப் பயன்படுத்தியதாக ஓர் அடிகூட என் கண்ணில் படவில்லை. எதிராளியிடம் கேட்கும் சான்றை நம்மிடமும் கேட்க வேண்டுமல்லவா?

இனி அட்டை. ‘வாழ்த்து அட்டை என்கிறீர்களே, உறிஞ்சிவிடாதா?’ என்று மேடைக்கு மேடை ஒரு பழைய சிரிப்பு ஓடுகிறது. கன்னடத்தில் ‘அட்டெ’ செருப்பின் அடித்தோல். தெலுங்கில் ‘அட்ட’ புத்தகத்தின் மேலட்டை. ‘அண்ட்டு’ என்றால் இரண்டு மொழியிலும் பற்றுதல், ஒட்டுதல். தாளின்மேல் தாள் ஒட்டிக் கனமாக்கியது அட்டை, காலில் ஒட்டிக்கொண்டு விடாததும் அட்டை. அந்த வினையில் இரண்டும் தனித்தனியே பிறந்தவை என்பேன். பூச்சியிலிருந்து பலகை வந்ததென்பது முறை தெரியாத பேச்சு.

பெயர் கிடக்கட்டும், பொருளைப் பாருங்கள். 1843இல் லண்டனில் ஹென்றி கோல், ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்ததுதான் அச்சில் வந்து விலைக்கு விற்ற முதல் கிறிஸ்துமஸ் கார்டு. கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். நடுவில் ஒரு குடும்பம் கோப்பை ஏந்துகிறது, இருபுறமும் ஏழைக்கு உணவும் உடையும் தருகிற காட்சி. குழந்தை வாயிலும் மது வைத்துவிட்டார்கள் என்று மதுவிலக்குக்காரர் கூச்சலிட்டனர். எனக்கு வேண்டியது வேறு: அது மடிக்காத ஒற்றை அட்டை. அதைக் கார்டு என்றது பொருந்தும். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் செய்வது அதுவல்ல. தாளை இரண்டாக மடித்து, முகப்பில் நட்சத்திரம் வெட்டி ஒட்டி, உள்ளே எழுதுகிறார்கள். மடித்ததற்கு மடிக்காததன் பெயர் எப்படிப் பொருந்தும்?

இதற்குப் பெயர் இளங்கோவடிகளிடம் இருக்கிறது. சிலப்பதிகார வேனிற்காதையில், பிரிந்துபோன கோவலனை அழைக்க மாதவி என்ன செய்கிறாள்? பூக்களைத் தொடுத்து, நடுவே தாழம்பூவின் வெண்மடலை வைத்து, பிச்சி மொட்டை எழுத்தாணியாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதுகிறாள். கைவினைக் கார்டு என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் யார் சொல்ல முடியும்? வசந்தமாலை அதைக் கொண்டுபோய்க் கடைவீதியில் நீட்டுகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். அடிகள் அங்கே ஆளும் சொல் முடங்கல். முடங்கு என்றால் வளை, மடங்கு. முடக்கு, முடம் எல்லாம் அதன் கிளைகள். முடங்கல் என்பது சுருளோலைதான், மடிப்பு ஆகாது என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். அவர் தாழம்பூவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை போலும். ஓர முள் குத்தாமல் ஒரு மடலைப் பிரித்துப் பார்க்கட்டும்: நடுநரம்பில் இரண்டாக மடிந்துதான் இருக்கும்.

புறஞ்சேரி இறுத்த காதையில் இரண்டாவது முடங்கல் வருகிறது. மண் அப்பி, தன் கூந்தலாலேயே முத்திரை ஒற்றி மாதவி அனுப்பியிருக்கிறாள். பிரிக்கும் முன்பே கூந்தல் நெய்யின் மணம் கோவலனை நிறுத்திவிடுகிறது. படித்துவிட்டு அதே முடங்கலைத் தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான், சொற்கள் அங்கும் பொருந்துகின்றன என்று. வந்த கார்டைப் பெயர் மாற்றி அனுப்புகிறவர்கள் இனி நாணத் தேவையில்லை, மேற்கோள் இருக்கிறது. மண்ணின் வேலையைப் பிற்காலத்தில் அரக்கு எடுத்துக்கொண்டது. அரக்கிட்ட உறைக்கு மராட்டியில் ‘லகோட்டா’, ‘லாக்’ என்றால் அரக்கு. என் தாத்தா வாயில் அது லக்கோட்டா.

உறை மட்டும் கலப்பில்லாத தமிழ். வாள் உறைவது உறை, முடங்கல் உறைவதும் உறை. பரிசுத் தாளும் இந்த உறைக்குள்ளிருந்து வந்ததுதான். 1917 கிறிஸ்துமஸ் சமயம் கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர் கடையில் பொதியும் மெல்லிய தாள் தீர்ந்துபோக, உறைக்கு உள்ளே ஒட்டும் பிரெஞ்சுப் பூந்தாளை எடுத்துத் தாள் பத்து சென்ட் என்று விற்றார்கள். உள்ளே இருந்த தாள் வெளியே வந்துவிட்டது.

பரிசைப் பொதிவதற்கும் நம்மிடம் சொல் இல்லாமலில்லை. பொட்டலம் வடக்கத்திச் சரக்கா நம் சரக்கா என்ற வழக்கு தீராதது. பொதி இருக்க அது எதற்கு? தருமி கேட்டதும் பெரியாழ்வார் பெற்றதும் பொற்கிழி. கிழி என்றால் கிழித்த துணித்துண்டு. உள்ளே இருந்த பொன்னைவிடச் சுற்றிய துணிக்கே பெயர் நின்றுவிட்டது. இப்போது பிள்ளைகள் பரிசு கைக்கு வந்ததும் முதலில் செய்வதும் கிழிதான்.

நண்பர் போன பிறகு பேத்தியின் நோட்டை வாங்கி, அவர் சொன்னதை அடித்துவிட்டு முடங்கல் என்று எழுதிக் கொடுத்தேன். ‘முடங்கிப்போறதா தாத்தா?’ என்றாள். ஆமாம், இரண்டாக முடங்குவது. கிறிஸ்துமஸ் முடங்கல் என்று பத்துத் தடவை சொன்னால் வாய்க்குப் பழகிவிடும். ஒப்பாதவர்கள் வேனிற்காதையைத் திறந்து பார்க்கட்டும், நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.