விருந்துக்கும் கூத்துக்கும் ஒரே பட்டியல்

பூந்தமல்லியைத் தாண்டி, காஞ்சிபுரம் வழியா செய்யாறு பக்கம் போனா புரிசை கிராமம் வரும். தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் ஊர். அந்த மரபில் வந்த புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே பட்டியலில் சமையற்கலைக்காக செஃப் தாமுவும் இருந்தார். ‘கூத்தாடி’, ‘அடுப்பூதுறவன்’னு ஏளனம் பேசிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இலையை மடிச்சா சமையல் மறைஞ்சிடும். விடிஞ்சா வேஷம் கலைஞ்சிடும். இரண்டுக்கும் கல்வெட்டு கிடையாது. விருதும் ஒருத்தர் பேரைத்தான் பதியும். பின்பாட்டுக்காரர், முகவீணைக்காரர், பந்தியில் பரிமாறினவர் எல்லாம் விடுபட்டுப் போவாங்க.

நம்ம பூந்தமல்லி வட்டாரத்துக் கல்யாணச் சமையல்காரர்கள், கூத்துக் கலைஞர்கள் பேரை, அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கணும். அதுவும் ஒரு மரியாதைதான். நாளைக்கு வரலாறு எழுதுறவங்களுக்கு ஆதாரமும் அதுதான்.