முடிக்கப்படாத குயில்ட்டுகள்

குயில்ட் என்பது மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்து உருவாக்கிய மேலடுக்கு, நடுவே பஞ்சு, அடியில் முழுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓடும் தையலே குயில்ட்டிங் எனப்படுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெண்களின் கைவேலையாக வளர்ந்த இக்கலையில், தொடங்கியவர் காலத்தில் முடிவடையாமல் பெட்டிக்குள் போனவை ஏராளம். அவற்றில் மிகுதியும் மேலடுக்கோடு நின்றுவிட்டவை.

இதற்குக் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலடுக்குக்குப் பெரிய செலவில்லை. பழைய சட்டை, வெட்டி மிஞ்சிய துணி, அண்டை வீட்டார் தந்த துண்டு ஆகியவை போதும். மடியில் வைத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ஒரு பெண் தனியாகவே தைத்துவிடலாம். அதன் பிறகுதான் பஞ்சும் சில கஜம் அடித்துணியும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அடுக்குகளை இழுத்துக் கட்ட மரச்சட்டம் வேண்டும். அதை விரித்தால் ஓர் அறை அடைபடும். நாலைந்து பேர் சுற்றி அமர்ந்தால்தான் வேலை விரைவில் முடியும். அமெரிக்கச் சிற்றூர்களில் பெண்கள் கூடித் தைக்கும் வழக்கம் இதற்காகவே இருந்தது. தேவாலயப் பெண்கள் குழுக்கள் பிறருடைய மேலடுக்குகளைக் கூலிக்கு முடித்துக் கொடுத்தன. செலவான நூலின் கஜக் கணக்கில் கூலி வாங்கும் முறையும் இருந்தது. பணமோ கூட்டமோ இல்லாத வீட்டில் மேலடுக்கு மடித்து வைக்கப்பட்டது.

துணி தீர்ந்தும் வேலை நின்றதுண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின், 1811 மே 31 அன்று வெளியூர் சென்றிருந்த அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், ஒட்டுவேலைக்குத் துண்டுகள் சேர்க்க நினைவிருக்கிறதா என்று கேட்டு, வேலை அப்படியே நிற்பதாகத் தெரிவிக்கிறார். அவரும் தாயும் கசாண்ட்ராவும் சேர்ந்து செய்த விரிப்பு முடிவடைந்தது. அது இன்று சாட்டனிலுள்ள ஆஸ்டின் இல்ல அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் மேலடுக்குகளைப் பெருக்கியது. மாவும் கோழித்தீவனமும் பருத்திப் பைகளில் விற்கப்பட்ட காலம் அது. பெண்கள் பையைத் துணியாகப் பயன்படுத்துவதைக் கண்ட ஆலைகள், பூவும் கட்டமும் அச்சிட்ட பைகளில் சரக்கை விற்கத் தொடங்கின. நூறு பவுண்டு பையைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமான துணி கிடைத்தது. வாய் தைத்த நூலைக்கூட உருவிச் சுற்றி வைத்தார்கள். உடுப்புக்குப் போக மிஞ்சியது குயில்ட்டுக்கு வந்தது. போருக்குப் பின் விலை மலிந்த கடைப் போர்வைகள் வந்தன, பைகளும் காகிதமாயின. பாதியில் நின்றவற்றை எடுத்து முடிக்க எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அவை வெளியே வர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழா பழைய கைவேலைகளின்மீது ஆர்வத்தைத் தூண்டியது. 1981இல் தொடங்கிய கென்டக்கி குயில்ட் திட்டம், வீடுகளிலுள்ள குயில்ட்டுகளைப் பொது இடத்துக்குக் கொண்டுவரச் செய்து பதிவு செய்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பாட்டியின் மேலடுக்கைப் பேத்தி முடிப்பது அக்காலத்தில் பெருகியது.

ஆனால் முடிப்பது எப்போதும் நன்மையில்லை. 19ஆம் நூற்றாண்டின் கரும்பழுப்பு, கறுப்புத் துணிகள் பலவற்றில் சாயம் பிடிக்க இரும்பு உப்பு சேர்க்கப்பட்டது. அது இழையை மெல்ல அரித்துவிடும். அத்தகைய துண்டுகள் சட்டத்தில் இழுத்துக் கட்டியதும் பொடிந்து உதிரும், பக்கத்துச் சிவப்புத் துண்டு புதியது போலவே இருக்கும். மரப்பெட்டியின் அமிலம் மடிப்புகளில் பழுப்புக் கோடுகளாகப் பதிந்திருக்கும். துவைத்தால் தையலோரங்கள் பிரியும்.

வரலாற்றாய்வாளர்களுக்கு வேறு இழப்பும் உண்டு. ஆங்கில முறையில் ஒவ்வொரு துண்டையும் காகித அச்சின்மேல் மடித்து இழையோட்டுவார்கள். பழைய கடிதம், கணக்கேடு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள் ஆகியவையே அந்த அச்சுகளாயின. வேலை முடிந்ததும் அவை உருவி எறியப்படும். ஆகவே காகிதம் இன்னும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் முடிக்கப்படாதவையே. அவற்றின் பின்புறத்தைத் திருப்பினால் துணுக்கு வரிகளும், சில வேளை தேதியும் படிக்கக் கிடைக்கின்றன. அந்த மேலடுக்கை ஒருவர் அன்போடு முடித்து வைக்கும்போது ஓர் ஆவணம் குப்பைக்குப் போகிறது. அழகுக்காக இதைச் செய்வது, தயங்கிச் செய்ய வேண்டிய காரியம்.

முடிக்கப்பட்டவற்றின் வயதைக் கணிப்பதும் எளிதன்று. ஒரு குயில்ட் அதிலுள்ள மிகப் புதிய பொருளைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பது அடிப்படை விதி. 1930களின் தீவனப் பைத் துணிக்கு அடியில், 1960களுக்குப் பின் பரவலான பாலியெஸ்டர் பஞ்சு இருந்தால், இரண்டு தலைமுறைக் கைகள் அதில் வேலை செய்திருக்கின்றன என்று கொள்ளலாம். மேலடுக்கின் தையலும் குயில்ட்டிங் தையலும் நீளத்தில் மாறுபட்டாலும் இதே ஐயம் எழும். இதனால்தான் பழைய மேலடுக்கை முடிப்பவர்கள் அடித்துணியின் மூலையில் ஒரு துணிச்சீட்டைத் தைத்து, துண்டுகளை இணைத்தவர் பெயரும் காலமும் ஒரு வரியிலும், குயில்ட்டிங் செய்தவர் பெயரும் ஆண்டும் அடுத்த வரியிலுமாக எழுதுகிறார்கள். முதல் வரியில் பெயர் தெரியாமல், ‘1930களில், தாய்வழிப் பாட்டி அல்லது அவர் தங்கை’ என்ற அளவில் நிற்கும் சீட்டுகளும் உண்டு.