பிராயச்சித்தமும் பற்றுவரவும்

பிராயச்சித்தம் என்பது நம் தேசத்தில் மிகப் பழைய சொல். பாவம் செய்தவன் தலைமுழுகலாம், விரதம் இருக்கலாம், தானம் கொடுக்கலாம். செய்து முடித்ததும் அவன் மனம் லேசாகிவிடும். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. எவனுக்குத் தீங்கு இழைக்கப்பட்டதோ, அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையும் புரோகிதரும் இருந்தால் காரியம் நடந்துவிடும்.

கடன் என்பதும் பழைய சொல்தான். ஆனால் கடனைத் தீர்க்கிறவன், கொடுத்தவனுடைய வாசலுக்குப் போயாக வேண்டும். பாக்கி எவ்வளவு என்று சொல்ல அந்த வீட்டுக்காரனுக்கும் உரிமை உண்டு. சாதிக் கொடுமையைப் பற்றி நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் விவாதமெல்லாம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நடக்கும் இழுபறி என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இழுபறியைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பாலாற்றங்கரைத் தோல் சீமையைவிட நல்ல இடம் கிடைக்காது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளுகிறது அந்தச் சீமை. ரயிலில் போகிற கனவான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறார். தம் காலில் கிடக்கும் பூட்ஸ் எந்த ஊரில் பிறந்தது என்று அவர் யோசிப்பதில்லை. உப்பிட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் களைந்து, சவ்வு சீவி, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாட்கணக்கில் கிடத்தி எடுப்பது பழைய முறை. பின்னால் குரோமிய உப்பு வந்து வேகத்தைக் கூட்டியது. எந்த முறையானாலும், தோல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று விரலால் தொட்டுச் சொல்லத் தெரிந்தவன் கைகாரன். சோற்றுப் பதம் பார்க்கும் அதே சொல்தான் தோல் பதனிடுவதிலும் இருக்கிறது. ஆனால் முன்னது சமையற்கலை, பின்னது தீட்டு என்று வகுத்து வைத்தோம்.

குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள். முதல் போட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். மேல்சாதியார் தோலைத் தொட மறுத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தொட மறுத்தவர்களுக்கு வராத லாபம் இவர்களுக்கு வந்தது. அந்தச் செல்வத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் எழும்பின; வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. சிறுபான்மையோர் என்ற காரணத்தால் வெளியே பல அவமதிப்புகளைச் சகித்த ஒரு சமூகம், தன் தொழிற்சாலைக்குள் எஜமானாகவும் இருந்தது. ஒரே மனிதன் ஒரு பேரேட்டில் கடன்காரன், மற்றொன்றில் கடன் வரவேண்டியவன். இதை மறந்துவிட்டுப் பேசுகிற எந்தப் பிரசங்கமும் பாதி உண்மைதான்.

இனி 1932-ஆம் ஆண்டுக்கு வருவோம். செப்டம்பர் 20-ஆம் தேதி எரவாடாச் சிறையில் காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 30-ஆம் தேதியே தீண்டாமையை ஒழிக்கப் பம்பாயில் ஒரு சங்கம் பிறந்தது. பிர்லா தலைவர், தக்கர் பாபா காரியதரிசி. பிற்பாடு ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் பெற்றது இதுதான். ஆரம்பத்தில் டாக்டர் அம்பேத்கரும், நம் பக்கத்து எம். சி. ராஜாவும், இரட்டைமலை சீனிவாசனும் அதன் நிர்வாக சபையில் இடம்பெற்றார்கள்.

நவம்பர் 14-ஆம் தேதி, லண்டனுக்குப் போகும் கப்பலிலிருந்து அம்பேத்கர் தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். தனி மனிதர்களைச் சீர்திருத்துவதைவிட, கிணறு, பள்ளிக்கூடம், ஊர்த் தெரு ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதே சங்கத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். வேலை செய்வோரில் ஒடுக்கப்பட்டவர்களும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை என்று 1945-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார். அவர் சங்கத்தை விட்டு விலகினார். பின்னர் நிர்வாகத்தில் தங்களுக்கு இடம் கேட்டுப் போனவர்களுக்குக் காந்திஜி சொன்ன சமாதானமும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது: பாவம் செய்தவர்கள் இந்துக்கள், கடன் தீர்க்க வேண்டியவர்களும் அவர்களே, ஆகவே சங்கத்தை நடத்துவதும் அவர்கள் பொறுப்பே.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அடிபட்டவனே மருந்தும் அரைக்க வேண்டுமா என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த உணர்ச்சியால்தான் எத்தனையோ வாலிபர்கள் வீட்டாரின் சாபத்தை வாங்கிக்கொண்டு சேரிக்குப் போனார்கள். மதுரை வைத்தியநாதய்யர் 1939 ஜூலை 8-ஆம் தேதி மீனாட்சி கோயில் பிரவேசத்தை நடத்தினார். சொந்த சாதியார் அவரை விலக்கி வைத்ததையும் பொறுத்துக்கொண்டார். ஆனாலும் காந்திஜி கையாண்ட சொல் கடன் என்றால், அவர் அமைத்த சபை பிராயச்சித்த சபையாக அல்லவா இருந்தது? கடன்காரர்கள் மட்டும் கூடிப் பாக்கியை நிர்ணயிக்கும் கணக்கை எந்தச் செட்டியார் ஒப்புக்கொள்வார்?

பாவக் கணக்கின் மற்றொரு கோணல் 1934-இல் தெரிந்தது. ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்திஜி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். ரவீந்திரநாத தாகூர் பகிரங்கமாக மறுத்தார். தாகூரின் ஆட்சேபம் பகுத்தறிவைப் பற்றியது. எனக்குத் தோன்றும் ஆட்சேபம் இன்னும் சாதாரணமானது: பூமி பிளந்தபோது சேரிக் குடிசை விழாமல் நின்றதா? பாவத்துக்கு வரும் தண்டனை, பாவத்துக்கு ஆளானவன் தலையிலும் சேர்ந்தே விழுகிறது.

கணக்கு பாவத்தின் பெயரில் எழுதப்படுவதால் வந்த விளைவு சட்டத்திலும் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு, பட்டியல் சாதி என்ற உரிமையை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே சேரியில் பிறந்து ஒரே சுண்ணாம்புக் குழியில் நிற்கும் இருவரில் ஒருவர் மாதா கோயிலுக்குப் போனால், அவர் பாக்கி அந்தப் பட்டியலில் அடித்துவிடப்படுகிறது. குழிக்கும் ஊராருக்கும் அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, தீங்குக்கு ஆளானவர்கள் தங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது ‘பறையன்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். வசையாக எறிந்த சொல்லை எடுத்துப் பெயர்ப் பலகையாக மாட்டினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. எங்கள் முன்னோர் பௌத்தர்கள், கற்றவர்கள், தாழ்வு பின்னால் சுமத்தப்பட்டது என்று வாதாடினார். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் பிழைக்கப் போன தொழிலாளிகளிடையே அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. இருவருக்கும் வழி வேறு; ஆனால் இருவருமே பரிதாபத்தை வேண்டி நிற்கவில்லை. ‘ஐயோ பாவம்’ என்று பெயர் சூட்டிக்கொள்வதால் கைகாரன் மறைந்துபோய்க் காயம் மட்டுமே மிஞ்சும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டத்தாருக்குச் சந்தோஷம் வந்துவிடும். “அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், பழைய கதையைப் பேசி அழுதது போதும்” என்பார்கள். பொறுங்கள். அயோத்திதாசர் தம் ஜனங்களிடம் சொல்லலாம், அது தன்மானம். பாக்கி வைத்திருப்பவன் அதையே சொன்னால், அது கடனை ஏமாற்றும் வழி. இன்னொரு கூட்டத்தார் மேடையேறி, “நான் சலுகையில் பிறந்தவன், வெட்கப்படுகிறேன்” என்று கண்கலங்குகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது. வீடு வாடகைக்கு விடும்போது மட்டும் சாதி கேட்கிறார்கள்.

கடன் என்ற பாஷையில் ஒரு தீர்ப்பு இதே சீமைக்காக எழுதப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் 1991-இல் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தோல் கழிவினால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டது என்ற ஆய்வு அதில் பதிவாயிற்று. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெட்ட ஆற்றைச் சரிசெய்யும் செலவும், நஷ்டப்பட்டவருக்கு ஈடும் தனி. அப்போது அந்த ஜில்லாவின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்பது விசித்திரமான பொருத்தம். மறு ஆண்டே எல்லா ஜில்லாக்களுக்கும் தலைவர்களின் பெயர் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. ஈடு முழுவதும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்து முடிக்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. நிலம் கெட்டவருக்குப் பட்டா சாட்சி சொல்லும். முப்பது வருஷம் குழியில் நின்று கால் புண்ணான கூலிக்காரனுக்கு எந்தப் பட்டா இருக்கிறது? 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அந்தச் சேற்றில் அகப்பட்டு, தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பழைய வாதங்களில் எந்தப் பக்கத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

ஆகவே, யார் அதிகம் வருந்தினார் என்பதும், யார் அதிகம் துன்பப்பட்டார் என்பதும் என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விகள். எந்தத் தீங்கு, எந்த வருஷம், யாரால், யாருக்கு, மிச்சம் எவ்வளவு என்று எழுத வேண்டும். எழுதும் இடத்தில் வரவேண்டியவனும் உட்கார்ந்திருக்க வேண்டும். 1932-இல் கப்பலிலிருந்து வந்த கடிதம் கேட்டது அவ்வளவுதான். அதற்குரிய பதிலை இனியாவது எழுதலாம்.