கொடிநாள் நிதி

இந்திய முப்படையினர், முன்னாள் படைவீரர்கள், போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தார் ஆகியோரின் நலனுக்காகப் பொதுமக்களிடம் திரட்டப்படும் நிதி. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட சிறு கொடிகளை வழங்கி நன்கொடை பெறுவர். மூன்று நிறங்களும் முப்படைகளைக் குறிக்கும்.

படையின் பணிமுறையே இந்நிதியின் தேவைக்குக் காரணம். படையை இளமையாக வைத்திருக்க வேண்டியிருப்பதால் சிப்பாய்கள் பலர் நாற்பது வயதை எட்டுமுன்பே ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் ஏறும் பருவம் அது. ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலம் நிறையாமல் வெளியேறியவர்களின் முதுமை இன்னும் கடினமானது; உதவியில் முதலிடம் பெற வேண்டியவர்கள் இவர்களே. ஓய்வூதியமற்ற முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் வறுமை நிவாரணம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் மானியம் ஆகியன வழங்கப்படுகின்றன. முதுகுத்தண்டு காயமுற்ற வீரர்களைப் பேணும் கிர்க்கி, மொஹாலி மறுவாழ்வு மையங்களும் இந்நிதியில் பயன்பெறுகின்றன.

தனித்தனியே இருந்த பல நல நிதிகள் 1993-இல் ஒன்றாக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மத்திய சைனிக் வாரியம் இதை நிர்வகிக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் வசூலை முன்னின்று நடத்துகின்றனர். உதவி கோருவோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.