கொடையும் பெயரும்

அரசர்கள் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரைப் பிரம்மதேயம் என்றார்கள். அந்த வழக்கத்தைப் பெயரிலேயே சுமந்து நிற்கிறது விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம். பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என இரண்டு சோழர் காலக் கற்கோயில்கள் அங்கே உள்ளன. அருகிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. அதில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதம், இலக்கணம், மீமாம்சை எல்லாம் கற்பிக்கப்பட்டன. கற்றவர்களும் ஆண்கள், கற்பித்தவர்களும் ஆண்கள். ஊரை ஆண்ட சபையும் ஆண்களுடையதே.

அந்தக் காலத்துப் பெண்களை எங்கே தேடுவது? கொடைப் பட்டியல்களில்தான். கற்கவும் சபையில் அமரவும் இடம் தராத சமூகம், கொடுப்பதற்கு மட்டும் பெண்ணுக்கு இடம் தந்தது. செல்வம் வாய்த்த பெண்கள் அந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் கல்வெட்டுகளில் இராஜராஜபுரம் எனப்படுகிறது. இராஜராஜனின் அக்காள் குந்தவை இங்கே மூன்று கோயில்களை எடுப்பித்தார். சிவனுக்கு இரவிகுல மாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். மூன்றில் இரண்டுக்குத் தம் பெயரையே வைத்தார். பொன்னும் வெள்ளியும் முத்தும் கொடுத்தார்.

இன்று வக்கிரகாளிக்காக மக்கள் திரளும் திருவக்கரையில், சந்திரமௌலீசுவரர் கோயிலை 1001இல் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் திருப்பணியை நிறுத்தவில்லை. செங்கல் கோயில்களைக் கல்லாக மாற்றினார், செப்புத் திருமேனிகள் செய்வித்தார். சோழர் சிற்பக் கலையில் ஒரு பாணியையே அவர் பெயரால் அழைக்கிறோம். ஆனால் கல்வெட்டுகள் அவரை எப்படி அறிமுகம் செய்கின்றன? உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ பிராட்டியார் என்று. இத்தனை கோயில்களை எழுப்பியவருக்கும் முதல் தகுதி, அரசனைப் பெற்ற வயிறுதான்.

குந்தவையும் ‘அக்கன்’ என்ற உறவுக்குள்தான் வருகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் இராஜராஜன். அங்கே குந்தவை கொடுத்தவற்றில் உமா பரமேசுவரியின் திருமேனிகளோடு, தந்தை சுந்தர சோழருக்கும் தாய்க்கும் எடுப்பித்த திருமேனிகளும் உண்டு. அந்தத் தாய் வானவன்மாதேவி, கணவர் இறந்ததும் தீப்பாய்ந்தவர். பால்குடிக்கும் பிள்ளையைப் பிரிந்து நெருப்பில் இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்ந்து பாடுகிறது. அரசவை எரிந்த மனைவியைப் போற்றியது. மகளோ தாயைச் செம்பில் வார்த்து, பூசைக்குரியவளாக்கிக் கோயிலில் நிறுத்தினார். கொடை என்ற ஒரே வழியில் ஒரு பெண் எவ்வளவு சொல்ல முடிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே பெரிய கோயிலின் சுவர் இன்னொரு பட்டியலையும் வைத்திருக்கிறது. வேறு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து அரசன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் அதில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வந்த கோயில், தெரு, வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கணக்கு இருக்கிறது. குந்தவையின் பெயர் கொடுத்தவராகப் பதிவானது. இவர்களுடைய பெயர்களோ நகையும் விளக்கும் போலக் கோயிலுக்குச் சேர்ந்தவற்றின் வரிசையில் பதிவாயின. அந்தத் திருமேனிகளின் முன் அன்றாடம் ஆடிய உடல்கள் இவர்களுடையவை.

‘சோழர் காலத்தில் பெண்கள் உயர்ந்திருந்தார்கள்’ என்று சொல்லக் குந்தவையையும் செம்பியன் மாதேவியையும் காட்டுவது எளிது. அவர்கள் கொடுத்த நெல்லும் பொன்னும் பிறர் உழைப்பிலிருந்து வந்தவை. அரசியர் உறவின் பெயரால் நுழைந்தார்கள், ஆடற்பெண்கள் உடைமையின் பெயரால் நுழைந்தார்கள், உழுத பெண்களுக்கு அந்தச் சுவரில் இடமே கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் செப்புத் திருமேனியின் அழகை வியக்கும்போது இந்த மூன்று வரிசைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்தச் செம்பை வார்க்கக் கொடுத்தவர், அதன் முன் ஆடியவர், அதற்கான நெல்லை விளைவித்தவர் என மூவரும் சேர்ந்ததுதான் அந்தக் கலையின் வரலாறு.