செஞ்சிக் கோட்டையில் எட்டு வருட டென்ஷன்

பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பென்ஷன் வாங்கும் தாத்தா வரை எல்லோர் வாயிலும் இன்று புழங்கும் சொல் "டென்ஷன்". ஏன் என்று கேட்டால் பணம், வேலை, மேலதிகாரி, வீட்டுச் சண்டை, தூக்கமின்மை, நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம்... இப்படி அடுக்குவார்கள். 1936ல் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து, நெருக்கடியை உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் களைத்துப் போதல் என்பது அவர் சொன்ன வரிசை. பெயர் புதிது, விஷயம் பழசு!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தெரியும். செஞ்சி என்றதும் எல்லோருக்கும் தேசிங்கு ராஜாதான் ஞாபகம் வருவார். அவர் இறந்தது 1714ல். இது அதற்கு முந்தைய கதை.

1689ல் சம்பாஜி கொல்லப்பட்டதும் தம்பி ராஜாராம் தப்பித்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகர் கான் 1690ல் முற்றுகையைத் தொடங்கினார். மூன்று மலைகளையும் இணைக்கும் மதில்களைச் சுற்றி வளைப்பது லேசான காரியமா? கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் இருந்தது, குளங்கள் இருந்தன. ஆக, உள்ளே இருந்தவர்களை விட வெளியே இருந்தவர்களுக்குத்தான் சீக்கிரம் டென்ஷன் பிடித்தது.

1691 கடைசியில் சுல்பிகரின் தந்தையான வஜீர் அசத் கானும், ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார்கள். ஒரே கூடாரத்தில் மூன்று முதலாளிகள்! பாதுஷாவின் மகன் பெயருக்குப் பெரியவர், உத்தரவு போடுவதோ தந்தையும் மகனும். இந்தக் கசப்பை இன்றைய ஆபீஸ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேவும் தனாஜி ஜாதவும் குதிரைப் படையோடு வந்து வழிகளை அடைத்தார்கள். தானியம் வருவது குறைந்தது, பஞ்சம் வந்தது. அதை விட மோசம், கடிதங்கள் நின்றன. கடிதம் நின்றால் வதந்தி கிளம்பும் அல்லவா? பாதுஷா இறந்துவிட்டார் என்று பேச்சு பரவியது. அப்படியானால் தன் கதி என்ன என்று பயந்த காம் பக்ஷ், ராஜாராமுடன் ரகசியமாகப் பேசி கோட்டைக்குள் போய்விடப் பார்த்தார். அசத் கானும் சுல்பிகரும் இளவரசரையே கைது செய்தார்கள். உண்மையில் ஔரங்கசீப் சாகவில்லை. 1707 வரை உயிரோடு இருந்தார்! எதிரியின் பீரங்கி செய்யாததை ஒரு வதந்தி செய்துவிட்டது. 1693 ஜனவரியில் மொகலாயப் படை முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. செல்யே சொன்ன மூன்றாவது கட்டம் இதுதான் போலும்.

அதன் பிறகு பணக் கவலை. 1694ல் சுல்பிகர் தஞ்சாவூர் வரை போய் கப்பம் வசூலித்தார். கோட்டைக்குள்ளும் நிம்மதி இல்லை. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் பகை முற்றியது, 1697ல் சந்தாஜி கொல்லப்பட்டார். சுல்பிகர் வேண்டுமென்றே போரை இழுக்கிறார் என்ற சந்தேகமும் எழுந்தது. 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார், குடும்பம்தான் பிடிபட்டது.

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் கவலைகள். குதிரைக்குப் புல் அறுத்தவனும், படைகள் போய் வந்த வழியில் வயல் வைத்திருந்தவனும் எட்டு வருடம் எப்படித் தூங்கினான் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வரலாற்று நூல்களில் இது ஒரு பெரிய குறை.

ராஜாராம் 1700ல், முப்பது வயதில் இறந்தார். 1709ல் ஹைதராபாத் அருகே காம் பக்ஷ் தன் அண்ணனின் படையோடு மோதிக் காயம்பட்டு இறந்தபோது, எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒருவர் அதே சுல்பிகர் கான். அந்த சுல்பிகரையும் 1713ல் புதிய பாதுஷா பரூக் சியார் கொன்றார். செஞ்சிக் கோட்டை மட்டும் 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. களஞ்சியம் இன்னும் நிற்கிறது, காலியாக.