துப்புரவுக் கட்டளையும் மனித சம்மதமும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரங்களின் வேகத்தையும் கொள்ளளவையுமே பெரிதும் கணக்கிட்டு வந்துள்ளனர். வேலை முடிந்தபின் எஞ்சும் கோப்புகளை எவர், எவரது அனுமதியுடன் அழித்தனர் என்ற வினா அத்துணை கவனம் பெறவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மனிதனிடமிருந்து எழுதிவைத்த கட்டளைக்குக் கைமாறியவாற்றை இவ்வினாவினூடாகவே தெளிவுறக் காணலாம்.

1956இல் ஐபிஎம் 704 இயந்திரத்திற்கென ஜெனரல் மோட்டோர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய இரு கம்பனிகளும் ஆக்கிய முறைமை, வேலைகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தானே நடத்தியது. தொகுதி முறையின் தொடக்கங்களுள் இஃதொன்று. பத்தாண்டுகளின் பின் வந்த ஓஎஸ்/360 முறைமையில், ஒரு தரவுத்தொகுதி வேலை செவ்வனே நிறைவுறின் யாதாக வேண்டும், இடையில் முறியின் யாதாக வேண்டும் என்னும் இரண்டையும் துளை அட்டையிலேயே முன்கூட்டி எழுதலாம். வேலை நடக்குங்கால் அதற்குரியவர் அருகில் இருப்பதில்லை. ஆதலால் அவரை வினவுதற்கும் இடமில்லை.

மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1960களின் முற்பகுதியில் லூயி பூசான் எழுதிய ‘ரன்கொம்’, கோப்பொன்றில் எழுதப்பட்ட கட்டளைகளை நிரலாக நிறைவேற்றிற்று. யூனிக்ஸ் முறைமையின் ‘ஆர்சி’ கோப்புகள் இப்பெயரின் எச்சமே. 1983இல் பேர்க்லியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பின் ஆர்சி கோப்பு, தற்காலிகக் கோப்பகத்தைத் துடைக்குமுன், இயந்திரம் வீழ்ந்தபோது அரைகுறையாக நின்றுபோன எழுத்துப்படிகளை வேறாகப் பேணிவைத்தது. அழிப்பதற்கு முன் காப்பதை எண்ணிய அச்சில வரிகள் எம் மதிப்பில் பெரியவை.

1981இல் வெளிவந்த டொஸ் முறைமை தொகுதிக் கோப்பைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தது. (தெரிவுகளைக் குறிக்கச் சாய்கோடு ஏற்கனவே எடுத்தாளப்பட்டமையாலேயே, 1983இல் கோப்பகங்கள் வந்தபோது பின்சாய்கோடு வேண்டியதாயிற்று.) கோப்பகம் முழுவதையும் ‘டெல்’ கட்டளையால் அழிக்கப் புகின், “உறுதிதானா?” என அது வினவும். அவ்வினாவை அடக்கும் தெரிவு எதுவும் எம்எஸ்-டொஸ்ஸின் டெல்லுக்கு இருக்கவில்லை. பயனர்கள் வழி கண்டனர்: ‘எக்கோ’ கட்டளை உமிழும் ‘வை’ என்ற எழுத்தைக் குழாய்வழியே டெல்லுக்கு ஊட்டினர். 1983இன் இரண்டாம் பதிப்பு தந்த வசதி அது. மனிதனை நோக்கிய வினாவுக்கு இயந்திரமே விடையிறுத்தது! 1993இல் ஆறாம் பதிப்புடன் வந்த ‘டெல்ட்ரீ’ கட்டளையோ சாய்கோடு-வை என்னும் தெரிவைத் தானே வழங்கிற்று. குறுக்குவழியாயிருந்தது முறையான வழியாயிற்று.

விண்டோஸ் 98இன் வட்டுத் துப்புரவுச் செயலி மேலுமோர் அடி சென்றது. ‘சேஜ்செற்’ என்னும் தெரிவுடன் ஒருமுறை இயக்கி, அழிக்கத்தக்க வகைகளைக் குறித்துவிட்டால், அத்தெரிவு ஓர் இலக்கத்தின் கீழ்ப் பதிவேட்டில் தங்கும். பின்னர் ‘சேஜ்ரன்’ அதே இலக்கத்துடன் எத்தனை முறையும் வினவாமல் இயங்கும். ஒருநாட் சம்மதம் வருங்காலம் முழுமைக்குமான சம்மதமாயிற்று. ஆயின் குப்பை எது என்னும் வரையறை செயலியை ஆக்கியோரிடமே இருந்தது. 2018இன் விண்டோஸ் 10 பதிப்பொன்றில், பயனர் தாமே விரும்பி இறக்கிய கோப்புகளின் கோப்புறையும் அவ்வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வழமைபோல் எல்லாவற்றையும் குறித்தவர்கள் தம் கோப்புகளை இழந்தனர். 2020இன் பதிப்பில் அவ்வகை பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது.